பிரெட் மாவுக்கான வசந்தக் கோதுமை: இயற்கை முறையில் குடும்பப் பண்ணையில் விளைவிக்க முழுமையான வழிகாட்டி

கோதுமை விளைவிப்பது வேறு, பிரெட் மாவு விளைவிப்பது வேறு. மூட்டை நிறையக் கோதுமை வந்தும், அதில் சுட்ட பிரெட் உப்பாமல் செங்கல் போல் இறுகிப் போகலாம். அந்த மாவின் தரத்தில் பெரும்பங்கு விதைப்பதற்கு முந்தைய ஆண்டே முடிவாகிவிடுகிறது. பிறகு அறுவடையை ஒட்டிய பத்து நாட்களில் அதைக் காப்பாற்றலாம், அல்லது தொலைத்துவிடலாம். இந்த வழிகாட்டி அதிக நேரம் நிற்பதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

இது வசந்தகாலத்தில் விதைக்கும் வகைக்கானது. குளிர்காலக் கோதுமை கதிர் விட வேண்டுமானால் முதலில் சில வாரக் குளிரைக் கடக்க வேண்டும். வசந்த வகைக்கு அந்தத் தேவை இல்லை. விதைத்த 100 முதல் 120 நாட்களில் அறுவடைக்கு வரும். கடும் குளிர்காலம் இல்லாத சமவெளிகளில் இதே வகையைக் குளிர் பருவத்தின் தொடக்கத்தில் விதைக்கிறார்கள். அங்கே தேதிகள் மாறும், வேலைகளின் வரிசை மாறாது.

1. எந்தத் தரம், எவ்வளவு நிலம்

நொதித்து உப்பும் பிரெட்டுக்கு நான்கு எண்களை இலக்காக வையுங்கள். புரதம் 12 முதல் 14 சதவீதம். ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நூறு லிட்டர் தானியத்தின் எடை 76 கிலோவுக்குக் குறையக் கூடாது. நான்காவது ஃபாலிங் நம்பர், அது 250 நொடியாவது இருக்க வேண்டும்.

ஃபாலிங் நம்பர் பலருக்கும் புதிய சொல். மாவையும் தண்ணீரையும் சூடாக்கிக் கூழாக்கி, அதில் ஒரு கோல் கீழே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். மணி கதிரிலேயே முளைவிடத் தொடங்கியிருந்தால் அதிலுள்ள நொதி கூழை உடைத்துவிடும், கோல் சட்டென்று விழும். அப்படிப்பட்ட மாவில் பிரெட்டின் உட்பகுதி பசை போல ஒட்டும்.

இயற்கை முறையில் ஏக்கருக்கு 800 முதல் 1,200 கிலோ வரை எதிர்பார்க்கலாம். சுத்தம் செய்யும்போது அதில் 10 முதல் 15 சதவீதம் கழியும். வாரம் 5 கிலோ மாவு செலவாகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 260 கிலோ போதும், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. முதல் ஆண்டு ஓர் ஏக்கரைத் தாண்ட வேண்டாம். நிலம் பெரிதானால் அறுவடை இயந்திரமும் உலர்த்தும் இடமும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

2. முந்தைய ஆண்டு: தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது

இந்த ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் பின்னால் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது.

கணக்கைப் பாருங்கள். கோதுமையின் புரதத்தை 5.7 ஆல் வகுத்தால் தழைச்சத்தின் (நைட்ரஜன்) அளவு கிடைக்கும். 1,000 கிலோ மணியில் 13 சதவீதப் புரதம் வேண்டுமென்றால், மணியில் மட்டும் சுமார் 23 கிலோ தழைச்சத்து இருக்க வேண்டும். தாளுக்கும் இலைக்கும் போவதைச் சேர்த்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 30 கிலோ.

இதை மட்கிய உரத்தாலேயே கொடுத்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு டன் மட்கிய உரத்தில் 10 கிலோ தழைச்சத்து இருந்தாலும், முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோதான். 30 கிலோவுக்கு 15 டன்னுக்கும் மேல் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் தேவைக்கு மேல் குவியும். மட்கிய உரம் மண்ணை வளர்க்கட்டும், ஏக்கருக்கு 3 முதல் 5 டன் போதும். தழைச்சத்துக்குப் பயறு வகைப் பயிரே வேண்டும்.

சிவப்பு க்ளோவர், குதிரை மசால், வெட்ச் ஆகிய மூன்றில் ஒன்று ஓராண்டு முழுக்க நிலத்தில் நிற்கட்டும். நன்றாக வளர்ந்த சிவப்பு க்ளோவர் கோதுமையின் தேவையை ஏறக்குறைய முழுதாகத் தரும். பாதி நிலத்தில் க்ளோவரும் பாதியில் களையுமாக நின்றால் அந்த ஆண்டு கோதுமையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எப்போது மடக்கி உழுவது? களிமண் பாங்கான, குளிர்ந்த நிலத்தில் இலையுதிர்காலத்தின் கடைசியில் உழுங்கள். மண் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்குவது மெதுவாகும், சத்து மழையில் கரைந்து ஓடாது. மணற்பாங்கான நிலத்தில் வசந்தம் வரும்வரை காத்திருங்கள். வசந்தத்தில் மடக்கினால் விதைப்புக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி கொடுங்கள். பச்சைத் தழை அழுகிக்கொண்டிருக்கும் மண்ணில் விதைத்தால் விதையை ஈப்புழு தின்னும், பூஞ்சணம் பிடிக்கும்.

மக்காச்சோளம் நின்ற நிலத்தில் அடுத்ததாகக் கோதுமை போடாதீர்கள். சோளத்தட்டையில் தங்கும் ஃபுசேரியம் பூஞ்சை கோதுமைக் கதிரைத் தாக்கும். கோதுமைக்குப் பின் கோதுமையும் வேண்டாம்.

வேர்க்கிழங்கால் பரவும் களைகளை, முக்கியமாகத் திசில், கவுச் புல் இரண்டையும், இந்த முந்தைய ஆண்டிலேயே ஒடுக்குங்கள். கோதுமைக்குள் வந்தபின் எந்தக் கருவியும் அவற்றை அசைக்காது.

இயற்கை விளைபொருள் என்று சான்று பெற்று விற்க நினைப்பவர்கள், நிலம் இயற்கை முறைக்கு மாறுவதற்கான காலத்தையும் கணக்கில் வையுங்கள். பல நாடுகளின் விதிகளில் அது 2 முதல் 3 ஆண்டுகள். தடை செய்யப்பட்ட உரமோ மருந்தோ கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதற்குக் குறிப்பு வேண்டும்.

3. விதை

ரகத்தை விளைச்சல் பார்த்து எடுக்காதீர்கள். முதலில் பாருங்கள்: பிரெட்டுக்கான கடினக் கோதுமையா? அடுத்தது நோய் தாங்கும் திறன், கதிரில் முளைக்காத தன்மை, தாளின் உறுதி. க்ளென் போன்ற ரகங்கள் புரதத்துக்கும் மணி எடைக்கும் பெயர் பெற்றவை. ரெட் ஃபைஃப் போன்ற பழைய ரகங்கள் உயரமாக வளர்ந்து களையை நிழலால் அடக்கும், சுவையும் நன்று. ஆனால் வளமான மண்ணில் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்து முளைக்கும். முதல் முறை பயிரிடுபவர்கள் நடுத்தர உயரமுள்ள ரகத்தை எடுப்பது நல்லது.

விதையில் ஒரு கைப்பிடி எடுத்து இரு உள்ளங்கைகளுக்குள் தேய்த்து முகருங்கள். மீன் வாடை அடித்தால் அது நாற்றக் கரிப்பூட்டை நோய். அந்த விதையைப் போடாதீர்கள். ஒரு மணி உடைந்தாலும் கருந்தூள் மற்ற மணிகளில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த அறுவடை முழுக்க அந்த வாடை வரும். கதிர் முழுவதும் கரித்தூளாகும் திறந்த கரிப்பூட்டை விதைக்குள்ளேயே இருப்பது. இயற்கை முறையில் மேலே எதைத் தடவினாலும் போகாது. அது வந்த வயலிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

முளைப்புத் திறனைப் பார்க்க 100 விதைகளை ஈரத் துணியில் சுருட்டி ஏழு நாள் வையுங்கள். 90க்குக் கீழே முளைத்தால் வேறு விதை தேடுங்கள்.

விதை அளவை மூட்டைக் கணக்கில் போடாதீர்கள். 1,000 விதைகளை எண்ணி எடை போடுங்கள். சதுர மீட்டருக்கு 350 செடி வேண்டும், ஆயிரம் விதையின் எடை 36 கிராம், நூற்றில் 80 விதை செடியாக நிற்கும் என்று வைப்போம். 350 ஐ 36 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 12.6 கிராம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 51 கிலோ. அதை 0.8 ஆல் வகுத்தால் 64 கிலோ. மணி பெரிதான ரகத்தில் இதுவே 75 கிலோவைத் தாண்டும். 50 கிலோ போடுங்கள் என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த மணி எடைக்கு என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கில் வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலான செடி இருப்பதற்குக் காரணம் உண்டு. களையெடுக்கும் ஹாரோ சில செடிகளைப் பிடுங்கும். தவிர, அடர்ந்த பயிருக்குள் களை தலைதூக்குவது கடினம்.

4. விதைப்பு

மண் வேலைக்கு வந்தவுடன் விதைத்துவிடுங்கள். 4 டிகிரியிலேயே கோதுமை முளைக்கத் தொடங்கும். இளம் பயிரின் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் உறைபனி இலையைக் கருக்கினாலும் செடி திரும்ப எழும். தாமதித்தால் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) குறையும், வெயில் ஏறும்போது பூக்கும், மணி சுருங்கும்.

ஆனால் மண் வேலைக்கு வந்ததா என்று கையால் பார்க்க வேண்டும். விதை ஆழத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிடித்து உருண்டையாக்கி, கட்டை விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் இறங்கலாம். பள்ளம் விழுந்து பளபளத்தால் இன்னும் காத்திருங்கள். ஈர மண்ணில் டிராக்டர் ஓட்டிய தடம் அந்தப் பருவம் முழுக்க வெளிறிய கோடாகத் தெரியும். அந்தத் தடத்தில் வேர் இறங்காது, தழைச்சத்தும் ஏறாது.

களை முதலில் முளைக்கட்டும், அதை அழித்துவிட்டுப் பிறகு விதைக்கலாம் என்று வாரக்கணக்கில் காத்திருப்பது வசந்தக் கோதுமைக்கு ஒத்து வராது. மேலோட்டமான ஓர் உழவு, அதோடு விதைப்பு. சீக்கிரம் எழுந்த பயிரே பெரும்பாலான களையை முந்திவிடும்.

விதையை 4 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். 2 செ.மீ.யில் போட்டால் அடுத்த கட்டத்து ஹாரோ விதையையே கிளறிவிடும். 6 செ.மீ.க்கு மேல் போனால் முளை சோர்ந்து எழும். வரிசைக்கு வரிசை 15 செ.மீ. இடைவெளி. முதல் 20 மீட்டர் ஓட்டியதும் இறங்கிப் பத்து இடத்தில் கத்தியால் கீறி ஆழத்தை அளந்து பாருங்கள். இருக்கையில் இருந்தபடி அதைக் கணிக்க முடியாது. விதைத்தபின் மண்ணை லேசாக அழுத்த உருளை ஓட்டுங்கள். விதையும் மண்ணும் ஒட்டினால்தான் எல்லா முளையும் ஒரே நேரத்தில் வரும், எல்லாக் கதிரும் ஒரே நேரத்தில் முற்றும்.

எழுந்தபின் ஒரு மீட்டர் வரிசையில் செடிகளை எண்ணுங்கள். 15 செ.மீ. இடைவெளியில் 350 செடி என்பது மீட்டருக்கு 52 செடி.

5. களை: மூன்று வாய்ப்புகள்

வளையும் கம்பிப் பற்கள் கொண்ட ஹாரோதான் இதற்கான கருவி. களை மண்ணுக்குள் வெள்ளை நூல் போல இருக்கும்போது ஓட்டினால் நூல் அறுந்து காயும். இரண்டு இலை விட்ட களை பாதிதான் போகும். நான்கு இலை வந்துவிட்டால் பல் அதைத் தடவிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

முதல் வாய்ப்பு, பயிர் வெளியே தெரியும் முன். விதைத்த நான்காம் நாளிலிருந்து தினமும் ஒரு கத்தியோடு வயலுக்குப் போங்கள். மண்ணைப் பக்கவாட்டில் கீறி, கோதுமை முளையின் நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹாரோ பல் 1.5 செ.மீ. போகும் என்றால், முளையின் நுனி மேற்பரப்பிலிருந்து 3 செ.மீ. கீழே இருக்கும்வரை ஓட்டலாம். அதே கீறலில் வெள்ளை நூல்கள் தெரிந்தால் அன்றே ஓட்டுங்கள். குளிர்ந்த மண்ணில் இந்த இடைவெளி ஒரு வாரம் கிடைக்கும், சூடான மண்ணில் ஒன்றிரண்டு நாள்தான்.

பிறகு நிறுத்துங்கள். பயிர் ஊசி போல வெளிவந்ததிலிருந்து இரண்டு இலை வரை வயலைத் தொடக் கூடாது. களை முளைப்பதைப் பார்த்துப் பதறி இந்த நேரத்தில் ஹாரோவை இறக்குவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. இளம் செடி ஒடிந்தால் திரும்ப வராது.

இரண்டாம் வாய்ப்பு மூன்று இலைப் பருவம். மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, 10 மீட்டரில் நின்று திரும்பிப் பாருங்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் பயிர் மண்ணில் மூடியிருந்தால் பல்லின் அழுத்தத்தைக் குறையுங்கள். வெயில் ஏறிய பிறகு ஓட்டுவது நல்லது. பயிர் சற்றுத் துவண்டு வளையும், ஒடியாது; பிடுங்கிய களையும் காய்ந்துவிடும். மழைக்கு முந்தைய நாள் ஓட்டினால் களை மீண்டும் வேர் பிடிக்கும்.

மூன்றாவது, தூர் கட்டி முடியும் நேரம். இதோடு ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ சிவப்பு க்ளோவர் விதையைத் தூவிவிடலாம். கோதுமையின் நிழலில் அது மெல்ல வளரும், அறுவடைக்குப் பின் எழுந்து அடுத்த பயிருக்குச் சத்து சேர்க்கும். இதை முன்கூட்டியே தூவினால் ஈரமான ஆண்டில் கோதுமைக் கதிருக்குச் சமமாக வளர்ந்து, அறுவடை இயந்திரத்தில் பச்சைத் தழையாகச் சிக்கும். தாள் கணு விட்டு நீளத் தொடங்கியபின் ஹாரோ வேண்டாம்.

6. கதிர் வெளிவந்தபின்

இப்போது செய்ய அதிகம் இல்லை, பார்க்கத்தான் வேண்டும். கதிரில் மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கும் நாட்களைக் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பும் மழையுமாக இருந்தால் ஃபுசேரியம் வர வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் கழித்துக் கதிரின் ஒரு பகுதி மட்டும் வெளுத்து நின்றால் அதுதான். மணி சுண்ணாம்பு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சுருங்கியிருக்கும். இந்தப் பூஞ்சையின் நச்சு பிரெட் சுடும் சூட்டில் அழியாது. ஆகவே அந்தப் பகுதியைத் தனியாக அறுத்து, ஆய்வகத்தில் நச்சு அளவு பார்த்த பிறகே உணவுக்கு எடுக்க வேண்டும்.

மணிக்குப் பதில் கருப்பான, நீண்ட கொம்பு போன்ற உருவம் தெரிந்தால் அது எர்காட் நச்சுப் பூஞ்சை. பெரும்பாலும் வரப்போரப் புல்லிலிருந்து வரும். அந்தப் புல் பூக்கும் முன் வரப்பை வெட்டிவிடுங்கள்.

7. அறுவடை: நாள் பார்ப்பது

கதிருக்குக் கீழே உள்ள காம்பு பச்சை போய் மஞ்சளானால் மணிக்குள் இனி எதுவும் சேராது. அப்போது ஈரப்பதம் சுமார் 35 சதவீதம், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நகம் பதியாமல், கடித்தால் டக்கென்று உடைந்தால் 15 சதவீதத்தை நெருங்கிவிட்டது.

பிரெட் மாவுக்கு 16 முதல் 18 சதவீதத்திலேயே அறுத்து உலர்த்துவது பாதுகாப்பு. 13 சதவீதம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஒரு மழையில் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். முற்றிய மணி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தால் உள்ளே முளைப்பு தொடங்கிவிடும். வெளியே முளை தெரியும் முன்பே ஃபாலிங் நம்பர் சரிந்திருக்கும். உலர்த்த வசதி இல்லாவிட்டால் 14 சதவீதம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் உலர்த்தும் இடத்தை விதைக்கும் முன்பே ஏற்பாடு செய்யச் சொல்கிறோம்.

சாய்ந்த பகுதியைத் தனியாக அறுங்கள், தனியாகக் கொட்டுங்கள். முளைவிட்ட மணி பத்தில் ஒரு பங்கு கலந்தாலும், அதன் நொதி மொத்தக் குவியலின் மாவையும் கெடுத்துவிடும். இங்கே சராசரிக் கணக்கு பலிக்காது.

வாடகை இயந்திரம் வந்தால் முந்தைய வயலின் தானியம் உள்ளே இருக்கும். சுத்தம் செய்யச் சொல்லுங்கள், முதல் மூட்டையைக் கால்நடைக்கு ஒதுக்குங்கள். மணி உடைந்து வந்தால் கதிரடிக்கும் டிரம்மின் வேகத்தைக் குறையுங்கள், உமியோடு வந்தால் டிரம்முக்கும் அதன் கீழுள்ள வளைந்த தட்டுக்கும் (கான்கேவ்) உள்ள இடைவெளியைச் சிறிதாக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணிகளை எண்ணுங்கள். 100 மணி என்றால் ஏக்கருக்கு 14 கிலோ வயலிலேயே போகிறது என்று பொருள்.

8. உலர்த்துவது

ஈரக் கோதுமையை மூட்டையில் ஓர் இரவு விடக் கூடாது. 18 சதவீத ஈரத்தில் கையை உள்ளே விட்டால் காலைக்குள் சூடு தெரியும். அறுத்த அன்றே பரப்புங்கள். தார்ப்பாயில் 4 செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம், மணிக்கு ஒரு முறை கிளறுங்கள், பொழுது சாயும் முன் மூடுங்கள்.

விசிறியால் காற்று செலுத்தினால் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு மேலான ஈரக் காற்று தானியத்தை 13 சதவீதத்துக்கு இறக்காது. சூடான காற்று என்றால் மணியின் சூடு 50 டிகிரியைத் தாண்டக் கூடாது, விதைக்கென்றால் 40. சூடு மிஞ்சினால் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) செத்துவிடும். மணி வெளியே பொன்னிறமாக அப்படியேதான் இருக்கும்.

1,000 கிலோவை 18 இலிருந்து 13 சதவீதத்துக்கு இறக்கும்போது சுமார் 57 கிலோ தண்ணீர் போகும்.

ஈரப்பத மானி இல்லாவிட்டால், 50 கிராமை அரைத்து, மெல்லிய பரப்பாக 130 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராமை 2 ஆல் பெருக்கினால் ஈரப்பத சதவீதம்.

9. சுத்தமும் சேமிப்பும்

முதலில் காற்று, பிறகு சல்லடை. பதரும் ஃபுசேரியம் பிடித்த எடையற்ற மணியும் காற்றில் போகும். அடிச் சல்லடையில் 2 மி.மீ. நீள்கண் இருந்தால் சுருங்கிய மணியும் சிறு களை விதையும் இறங்கிவிடும். வெட்ச் விதை கோதுமையின் கனத்திலேயே இருப்பதால் எளிதில் பிரியாது. வெட்ச் போட்ட நிலத்தில் அது காய்க்கும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும்.

உலர்ந்த தானியத்தைக் குளிர வைத்த பிறகே மூடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான சேமிப்பு வண்டுகள் பெருகாது. வீட்டு உபயோகத்துக்கான சிறு மூட்டைகளை உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், தானியத்தில் நீர் கோத்துவிடும்.

10. அரைப்பது, கையால் சோதிப்பது

அறுத்த கோதுமையை நான்கு முதல் ஆறு வாரம் ஆறவிட்டு அரையுங்கள். கல் ஆலைக்கு 12 முதல் 13.5 சதவீத ஈரம் ஏற்றது. அதற்கு மேல் போனால் கல்லில் மாவு படிந்து பளபளப்பாகிவிடும். வெளிவரும் மாவைக் கையில் பிடித்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. 0.4 மி.மீ. கண்ணில் சலித்தால் 100 கிலோவில் 80 முதல் 85 கிலோ மாவு வரும். முழு மாவில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் சில வாரங்களில் காறல் வாடை வரும். தேவைக்கு அரைப்பதே நல்லது.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் குளூட்டனைக் கையால் பாருங்கள். சலித்த மாவு 100 கிராம், தண்ணீர் 60 மில்லி. ஐந்து நிமிடம் பிசைந்து உருட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு ஒரு சல்லடைக்கு மேலே, மெல்லிய நீர்த்தாரையில், உள்ளங்கைக்குள் பிசைந்தபடி கழுவுங்கள். முதலில் பால் போல மாச்சத்து ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீர் தெளியும், கையில் சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் மெல்லிய ரப்பர் போன்ற உருண்டை மிஞ்சும். பிழிந்து எடை போடுங்கள். 28 கிராமுக்கு மேல் இருந்தால் நல்ல பிரெட் மாவு. 22க்குக் கீழே வந்தால் தட்டையான ரொட்டிக்கே ஏற்றது.

எடையோடு அதன் குணத்தையும் பாருங்கள். அளவு குறைவு, ஆனால் இழுத்தால் நன்றாக நீள்கிறது என்றால் தழைச்சத்து போதவில்லை. 2ஆம் கட்டத்தில் க்ளோவர் வளர்ந்த விதத்தைத் திரும்பப் பாருங்கள். உருண்டையாகச் சேராமல் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தால் உலர்த்தும் சூடு மிஞ்சியிருக்கலாம். குளூட்டன் நன்றாக இருந்தும் பிரெட் உள்ளே பசையாக ஒட்டினால் முளைவிட்ட மணிதான் காரணம். அந்தக் குவியலின் ஃபாலிங் நம்பரைப் பார்த்த பிறகே அடுத்த குவியலோடு கலக்கலாமா என்று முடிவெடுங்கள்.